வெட்டிய ஸ்பிரிங்கும் மதினியின் ராசியும்

அண்ணா,

கல்யாணத்துக்கு முன்னால் மகனை உட்காரவைத்து நாலு வார்த்தை சொல்வது பெற்றவர்களின் வேலை. நம் வீட்டில் அது நடக்கவில்லை. அப்பா பத்திரிகை கொடுக்க அலைந்துகொண்டிருக்கிறார். அம்மா ஒடிந்த காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு முன்னறையில் படுத்திருக்கிறாள். உன்னிடம் கேட்க வேண்டியதை இருவரும் கேட்கப் போவதில்லை. அதனால் பிளஸ் டூ படிக்கிற நான், நீ சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டு வந்த தங்கச்சி, பெரியவர்கள் எழுத வேண்டிய இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். நேரில் சொல்ல எனக்குப் பயம். ஒரு தடவை சொல்லிப் பார்த்து, நீ என்னைப் பார்த்த பார்வையில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. எல்லாரும் தூங்கிவிட்டார்கள். அடுப்படி விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு, இயற்பியல் ரெக்கார்டில் மிச்சமிருந்த தாள்களில் எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த வண்டியை எனக்கும் பிடித்திருந்தது. துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் ஆபீஸ் வேலையில் நீ சேர்த்த பணத்தில் வாங்கிய பழைய சின்னக் கார். அம்மா நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். அப்பா முன்சீட்டில் உட்கார்ந்து கடைத்தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, போதும், நல்ல வண்டி என்றார். உனக்கு மட்டும் போதவில்லை. வளைவில் திருப்பினால் வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து, யோசித்து, அப்புறம்தான் திரும்புகிறது என்றாய். ராத்திரியெல்லாம் போனில் வீடியோ பார்த்தாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பன் பட்டறைக்குக் கொண்டுபோய் நாலு ஸ்பிரிங்கிலும் ஒரு சுற்றை அறுத்தெடுத்துவிட்டு, கடினமான ஷாக் அப்சார்பர் மாட்டிக்கொண்டு வந்தாய். வண்டி தரையோடு தரையாகப் பதுங்கி நின்றது. அத்தை பார்த்துவிட்டு, "என்னலே, வண்டி மழையில நனைஞ்சு சுருங்கிட்டா?" என்று கேட்டாள். அன்றைக்கு நாம் எல்லோரும் சிரித்தோம்.

நம் ஊருக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில், சக்கரங்களை நேராக்கும் அலைன்மென்ட் கடையில் கொடுத்தாய். அவர்கள் கம்பெனி சொன்ன அளவுக்கு வைத்துக் கொடுத்தார்கள். நீ முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து, ஸ்டியரிங் தூங்குகிறது என்றாய். அதற்கப்புறம் நம் வீட்டு முற்றமே அலைன்மென்ட் கடையாகிவிட்டது. வண்டிக்கு இரண்டு பக்கமும் பெயின்ட் வாளிகளை வைத்து நூல் கட்டினாய். நூலுக்கும் ரிம்முக்கும் நடுவில் உள்ள இடைவெளியை என் ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலால் அளந்து சொன்னவள் நான். நீ வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, உப்புக்காற்றில் துரு ஏறி இறுகிப்போன நட்டில் டீசல் ஊற்றி, ஸ்பானரில் தொங்கி, கால் சுற்றுத் திருப்பிவிட்டு, "இப்ப எவ்வளவுளா?" என்று கேட்பாய். நான் சொல்வேன். நீ இன்னும் கால் சுற்றுத் திருப்புவாய்.

எனக்குப் புரியும்படி நீதான் விளக்கினாய். முன்சக்கரம் இரண்டும் நேராகப் பார்த்தால் வண்டி சாதுவாகப் போகும். முன்பக்கம் ஒரு மயிரிழை விலகி ஆளுக்கொரு பக்கமாக வெளியே பார்த்தால், ஸ்டியரிங்கைத் தொடுவதற்கு முன்பே ஒரு சக்கரம் அந்தப் பக்கம் திரும்பத் தயாராக நிற்கும். நினைத்தவுடன் வண்டி வளைவுக்குள் பாயும். அதோடு சக்கரத்தின் தலையைக் கொஞ்சம் உள்ளே சாய்த்தாய். வளைவில் டயர் முழுசாகத் தரையைப் பிடிக்குமாம். பள்ளிக்கூடத்தில் விசை, திசை என்று கரும்பலகையில் படம் போட்டபோது புரியாதது, நம் முற்றத்தில் நூலைப் பிடித்துக்கொண்டு நின்றபோது புரிந்தது. அதற்காக உனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். சொல்லாமலே போய்விட்டது.

அடுத்த வாரம் விடியற்காலையில் என்னை மட்டும் கூட்டிக்கொண்டு தருவைகுளம் வரை போனாய், ஞாபகம் இருக்கிறதா? ரோட்டில் ஆளே இல்லை. ஒவ்வொரு வளைவிலும் நீ ஸ்டியரிங்கைத் திருப்பியதாகவே தெரியவில்லை. வளைவைப் பார்த்தாய், வண்டி போனது. நான் பயப்படவில்லை. கூவினேன். தருவைகுளத்தில் படகிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த ஒருவர், "என்ன தம்பி, வேற ஏதும் வண்டி துரத்திட்டு வருதா?" என்று கேட்டார். நீ சிரித்த சிரிப்பை நான் அதற்கப்புறம் பார்க்கவில்லை. வண்டி ஓட்டத் தெரியாதவன் என்று உன்னை நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். கடிதத்தின் மிச்சத்தைப் படிக்கும்போது இதை மறந்துவிடாதே.

ஆனால் அண்ணா, அன்றைக்கு வண்டியில் நீயும் நானும்தான். நூல் கட்டி அளந்தபோது வண்டிக்குள் ஒருத்தருமே இல்லை. நம் குடும்பத்தில் எந்த வண்டி காலியாகப் போயிருக்கிறது? அப்பாவின் மொபெட்டிலேயே மூன்று பேரும் ஒரு பருப்பு மூட்டையும் போவோம். ஒரு ஆள் ஓட்டுவதற்கு என்று ஒரு வண்டியைத் தயார்செய்து, அதில் ஒரு குடும்பத்தையே ஏற்றிவிட்டாய். நடந்தது அவ்வளவுதான். வேறு ஒன்றும் நடக்கவில்லை. ராசியும் நட்சத்திரமும் அந்த வண்டிக்குள் இல்லை.

முகூர்த்தப் புடவை எடுத்ததும், அதை உனக்குப் பேசிமுடித்த மதினி வீட்டில் காட்டிவிட்டு வரலாம் என்று சாகுபுரத்துக்குக் கிளம்பினோம். நீ ஓட்டினாய். அப்பா முன்னால். பின்னால் அத்தை, நடுவில் நான், இடது ஜன்னலோரம் அம்மா. பின்பெட்டியில் தாம்பூலத் தட்டுகள், ஒரு வாழைத்தார், மிட்டாய்ப் பெட்டிகள். முள்ளக்காடு தாண்டும்போதே ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னால் 'டக்' என்று அடி விழுந்தது. அம்மா இரண்டு தடவை சொன்னாள், "மெதுவாப் போலே, இடுப்பு பிடிக்கி" என்று. நீ வேகத்தைக் குறைத்தாய். உண்மையைச் சொல்ல வேண்டும், குறைத்தாய். அப்புறம் ஒரு பஸ் உன்னை முந்திப் போனது. நீ அதை விடவில்லை. ஆற்றுப் பாலத்தில் ஏறும் இடத்தில் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு மேடு இருக்கும் அல்லவா, அதில் ஏறியதும் பின்பக்கம் ஒரு குதி குதித்துப் பக்கவாட்டில் போனது. நீ திருப்பினாய். முன்பக்கம் நீ திருப்பியதைவிட அதிகமாகத் திரும்பியது. நீ மறுபடி இந்தப் பக்கம் திருப்பினாய். அது இன்னும் அதிகமாக வந்தது. பாலத்தின் கைப்பிடிச் சுவர் தொடங்குகிற இடத்தில் அம்மாவின் கதவு போய் இடித்தது. வாழைக்காய் லாரி ஓட்டிவந்த ஒருவர் கம்பியால் கதவை நெம்பி அம்மாவை வெளியே எடுத்தார். அதுவரை புடவைப் பெட்டி என் மடியிலேயே இருந்தது. நான் அதை விடாமல் பிடித்திருந்தேன் என்று பிறகு எல்லோரும் என்னை மெச்சினார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பா கேட்டார், என்னப்பா ஆச்சு என்று. நீ சுவரைப் பார்த்துக்கொண்டு, "ரோட்டுல உப்புத்தண்ணி கிடந்துச்சுப்பா, வழுக்கிட்டு" என்றாய். நம் ஊரில் அதை யாரும் நம்பாமல் இருக்க முடியாது. உப்பு லாரி ஒழுகாத ரோடு எங்கே இருக்கிறது? ஆனால் நான் அந்த ரோட்டில் உட்கார்ந்து அம்மா தலையை மடியில் வைத்திருந்தேன். ரோடு வெயிலில் காய்ந்து சுட்டது. என் பாவாடையில் ரத்தம் இருந்தது, ஈரமண் இல்லை. அப்போது நான் பேசவில்லை. நீ பயந்திருக்கிறாய், ஒருநாள் கழித்து நீயே சொல்லிவிடுவாய் என்று நினைத்தேன்.

அந்த ஒரு நாளுக்குள் அத்தை வேலையைத் தொடங்கிவிட்டாள். எத்தனையோ வருஷமாக அந்த ரோட்டில் போய்வருகிறோம், ஒரு கீறல் விழுந்ததில்லை, இந்தப் பிள்ளைக்குப் புடவை கொண்டு போகும்போதுதான் விழவேண்டுமா என்று. அம்மாவுக்குக் காலில் கம்பி வைத்துக் கட்டுப்போட்டுக் கட்டிலில் விட்டதும், மயக்கம் தெளிந்து அவள் முதலில் சொன்னது உனக்கும் கேட்டது. "அவ நம்ம வீட்டுல கால் வைக்கதுக்கு முன்னாடியே என் காலு போயிட்டே." நீ அவள் பக்கத்தில் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாய். உரிப்பதை நிறுத்தவில்லை. ஒரு சுளையை எடுத்து அம்மா வாயில் வைத்தாய்.

அதற்கப்புறம் அந்தப் பேச்சு தானாக நடக்கத் தொடங்கிவிட்டது. அப்பா ஜோசியரிடம் போனார். அவர் பெண்ணின் ஜாதகத்தைத்தான் மறுபடி விரித்தார். உன் ஜாதகத்தை யாரும் எடுத்துக்கொண்டு போகவே இல்லை. மதினி கல்யாணம்வரை செவ்வாய்க்கிழமை பட்டினி கிடக்க வேண்டும், திருச்செந்தூரில் அவர்கள் வீட்டார் பரிகாரம் செய்ய வேண்டும் என்று முடிவானது. மதினியின் அப்பா, ஃபேக்டரியில் ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மோடு நம் வீட்டுக்கு வந்து, அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று மன்னிப்புக் கேட்டார். எதற்கு மன்னிப்பு என்று அவருக்கே தெரியவில்லை. நீ அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டாய். அவர் உட்காரவில்லை.

மதினி எனக்குப் போன் பண்ணினாள். உனக்குத் தெரியாது. முதலில் விளையாட்டாகத்தான் பேசினாள். "நான் செவ்வாக்கிழமை பட்டினி கிடக்கேன், உங்க அம்மாவுக்கு எலும்பு சேருதான்னு பார்த்துச் சொல்லு. சேரலைன்னா புதன்கிழமையும் சேர்த்துக்கிடுதேன்" என்றாள். நான் சிரிக்கவில்லை. அவளும் நிறுத்திவிட்டாள். அப்புறம், "உங்க அண்ணன்கிட்ட கேட்டேன், நான் என்ன பண்ணினேன்னு. 'பெரியவங்க சொல்லுதாங்க, ஒரு தடவை செஞ்சுட்டுப் போயேன்'னு சொல்லுதாங்க. அவங்களும் அப்படித்தான் நினைக்காங்களா?" என்று கேட்டாள். பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அன்றைக்குத்தான் உன்னிடம் வந்து சொன்னேன். மாடியில் தனியாக நின்றிருந்தாய். அண்ணா, அது உப்புத்தண்ணி இல்லை, நாம் வைத்த அளவுதான், அம்மாவிடம் சொல்லிவிடு என்றேன். நீ குரலை உயர்த்தவே இல்லை. "நீதான நூல் புடிச்ச? நீதான அளவு சொன்ன? போய்ச் சொல்லு. அம்மா காலை ஒடிச்சதுல பாதி நீன்னு சேர்த்துச் சொல்லு. கல்யாணம் நின்னுபோச்சுன்னா அதையும் உன் தலையிலதான் போடுவாங்க" என்றாய். நான் கீழே வந்து அம்மாவுக்கு வெந்நீர் போட்டேன். அவள் காலைத் துடைக்கும்போதெல்லாம் உன் வார்த்தைதான் எனக்குக் கேட்கும். இன்றுவரை கேட்கிறது.

பயந்தேன். ஆனாலும் நான் நினைப்பது சரிதானா என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. பட்டறையிலிருந்து வண்டி கதவு மாற்றி வந்தபிறகு, நீ நூலை நீயே கட்டி, என்னைக் கூப்பிடாமல், மறுபடி அதே அளவுக்கு வைத்தாய். நீ ஆபீசுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், அப்பா கடைக்குப் போக வேண்டிய அரிசி மூட்டைகள் முற்றத்தில் கிடந்தன. எதிர்வீட்டு அக்காவைத் துணைக்குக் கூப்பிட்டு, ஒவ்வொரு சீட்டிலும் ஆளுக்குப் பதிலாக மூட்டையைத் தூக்கி வைத்தேன். எதுக்குளா என்று கேட்டாள், பிராக்டிகல் என்றேன். பிறகு சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். மூட்டை வைக்கும் முன் பின் ஆக்சிலுக்கும் மேலே உள்ள ரப்பர் கட்டைக்கும் நடுவில் இரண்டு விரல் போனது. மூட்டை வைத்தபின் ஒரு தாள்கூடப் போகவில்லை. ஸ்பிரிங் இருந்தும் இல்லாத மாதிரி, வண்டி ரப்பர் மேலேயே உட்கார்ந்திருந்தது. அதுதான் அந்த 'டக்'. அதனால்தான் பாலத்து மேட்டில் அது குதித்தது. முன்பக்கம் நூல் கட்டி அளந்தேன். பாரம் ஏறியதும் முன்சக்கரங்கள் நாம் வைத்ததைவிட அதிகமாக வெளியே விலகியிருந்தன. அதனால்தான் நீ கேட்டதைவிட அதிகமாகத் திரும்பியது. டயரின் உள்விளிம்பைத் தடவினேன். வெளியே நின்று பார்த்தால் டயர் புதிதுபோல் தெரிகிறது. உள்ளே மொட்டை.

உனக்கு இது தெரியாமல் இருக்காது. என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அதே அளவுக்கு வைத்தது ஏன் என்று பல நாள் யோசித்தேன். மாற்றி வைத்தால், முன்பு வைத்தது தப்பு என்று உனக்கு நீயே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதற்காகத்தான் என்று நினைக்கிறேன். நான் நினைப்பது தப்பாக இருந்தால் என்னிடம் சொல். தப்பாக இருக்க வேண்டும் என்றுதான் விரும்புகிறேன்.

இப்போது மறுவீட்டுக்கு அந்த வண்டியில்தான் போவேன் என்கிறாய். சித்தப்பா வேன் பிடிக்கலாம் என்றதற்கு, "என் பொண்டாட்டியை நான் கூட்டிட்டுப் போக மாட்டனா?" என்று கேட்டாய். அதே ரோடு, அதே பாலம். முன்சீட்டில் மதினி. பின்னால் மூன்று பேர், சீர்ப் பலகாரம். உன் நண்பர்கள் முன்னும் பின்னும் வண்டியில் வருவார்கள். நீ யாருக்கும் வழிவிட மாட்டாய். எனக்கு அந்தப் பாலம் கனவில் வருகிறது. கனவில் இடது ஜன்னலோரம் யார் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்.

வண்டியைச் சரிசெய்வது பெரிய காரியம் இல்லை. வெட்டாத ஸ்பிரிங் மாட்டிவிட்டுப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனால், மத்தியானத்துக்குள் நேராக்கிக் கொடுத்துவிடுவார்கள். நீ ஒருத்தனாகப் போக வேறு மாதிரி வேண்டும் என்றால், பிற்பாடு எப்போதாவது அதற்கென்று ஒரு வண்டி வாங்கிக்கொள். ஆனால் நான் கேட்பது அது மட்டும் இல்லை. நீ யாருக்கும் தெரியாமல் வண்டியைச் சரிசெய்து, மறுவீட்டுக்குப் பத்திரமாகப் போய்வந்துவிட்டால், என்ன சொல்வார்கள் தெரியுமா? பரிகாரம் பலித்துவிட்டது என்பார்கள். அப்படியென்றால் தோஷம் இருந்தது உண்மை என்று ஆகிவிடும். அதற்கப்புறம் இந்த வீட்டில் மோட்டார் எரிந்தாலும், அப்பா கடையில் வியாபாரம் படுத்தாலும், யாருக்காவது காய்ச்சல் வந்தாலும் எல்லோரும் ஒரு தரம் மதினியைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் அடுப்படியில் நின்றுகொண்டு, தன்னால்தானோ என்று தானே நினைக்கத் தொடங்கிவிடுவாள். அதை எந்த ஸ்பானரை வைத்து நீ திருப்புவாய்? அம்மாவிடம் சொல். அப்பாவிடம் சொல். மதினியின் அப்பாவிடம் போய்ச் சொல். நூல் பிடித்தவள் நான் என்பதையும் சேர்த்துச் சொல். அடி வாங்க வேண்டும் என்றால் இரண்டு பேரும் வாங்குவோம். கல்யாணம் நின்றுபோகும் என்றால், உண்மையைச் சொன்னதற்கு நிற்கிற கல்யாணம் நிற்கட்டும்.

இதுவரை எழுதிவிட்டு, மடித்து உன் சட்டைப் பையில் வைத்துவிடலாம் என்று எழுந்தேன். அம்மா விழித்திருந்தாள். எவ்வளவு நேரமாக முன்னறையிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று தெரியவில்லை. "யாருக்குளா இவ்வளவு எழுதுத?" என்று கேட்டாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. அண்ணனுக்கு என்றேன். படி என்றாள். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து முழுவதையும் படித்துக்காட்டினேன். சக்கரம் எப்படி விலகும் என்ற இடத்தில் மட்டும் ஒரு தடவை நிறுத்தச் சொல்லி, மறுபடி கேட்டுக்கொண்டாள். படித்து முடித்தேன். காலைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னாள். நகர்த்திவிட்டேன்.

அப்புறம் சொன்னாள்: "எனக்குத் தெரியும். அவன் மூஞ்சியப் பார்த்தா தெரியாதா? ரோட்டுல தண்ணி இல்லன்னு எனக்குந் தெரியும்."

தெரிந்துமா அம்மா என்று கேட்டேன்.

"நான் கல்யாணமாகி வந்த வருஷம் உங்க அப்பா கடை எரிஞ்சுபோச்சு. வயர் கோளாறு. என் ராசின்னுதான் சொன்னாங்க. உங்க அத்தைதான் முதல்ல சொன்னா. நான் செத்தா போயிட்டேன்? வாரவ மேல ஒரு பேரு விழத்தான் செய்யும். அவளும் இருந்துக்கிடுவா. என் பிள்ளை மேல ஒரு சொல்லு விழக் கூடாது. அதைக் கிழிச்சு அடுப்புல போட்டுட்டு வந்து படு."

சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் அழுதாளா என்று தெரியவில்லை. தோளைத் தொட்டேன், கையைத் தட்டிவிட்டாள்.

மறுபடி அடுப்படிக்கு வந்து உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், அண்ணா. அடுப்பைப் பற்றவைக்கவில்லை. இதை உனக்கு மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்று இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. நீ அம்மாவிடம் போவாய். அம்மா உன் தலையைத் தடவிக்கொடுப்பாள். அதோடு முடிந்துவிடும். உனக்கு, எனக்கு, அம்மாவுக்கு, மூன்று பேருக்கும் தெரிந்துதான் இருக்கிறது. தெரியாதவள் ஒருத்தி சாகுபுரத்தில் பட்டினி கிடக்கிறாள். இதுவரை எழுதிய தாள்களைப் போனில் படமெடுத்து மதினிக்கு அனுப்பிவிட்டேன். அவள் வருகிறாளா, மாட்டாளா என்பதை இனி அவள் சொல்லட்டும். இன்னும் பார்க்கவில்லை, தூங்குகிறாள் போல. காலையில் நீ எழுந்து பல் தேய்க்கும்போது அவள் போன் வரும். தயவுசெய்து எடுத்துப் பேசு. நான் பக்கத்தில்தான் நிற்பேன்.